ஸ்கைவர்ட் சோர்ட்: கையசைவால் ஆடும் நிகழ்பட ஆட்டம்

த லெஜண்ட் ஆஃப் செல்டா: ஸ்கைவர்ட் சோர்ட் என்பது கியோத்தோவைத் தலைமையிடமாகக் கொண்ட நின்டெண்டோ நிறுவனம், தனது வீ ஆட்டக்கருவிக்காக 2011 நவம்பரில் வெளியிட்ட கனவுருப்புனைவு நிகழ்பட ஆட்டமாகும். 1986இல் தொடங்கிய செல்டா தொடரின் 25ஆம் ஆண்டில் இது வெளிவந்தது. இயக்குநர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷி. தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா. கையசைவுக் கட்டுப்பாடு வெறும் விளம்பர உத்தியா, அல்லது ஆட்டத்திற்குப் பொருள் தருவதா என்ற வாதத்தில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படுவன சிலவற்றுள் இதுவும் ஒன்று.

பின்னணி

2006இல் வீ வெளிவந்தபோது அதன் கைக்கருவியில் அசைவை அறிய முடுக்கமானி இருந்தது. கை அசைந்தது என்பதை அது அறியும். கை எந்தக் கோணத்தில் திரும்பியுள்ளது என்பதைத் துல்லியமாக அறியாது. அவ்வாண்டே வந்த ட்வைலைட் பிரின்சஸ் ஆட்டத்தில் கையை எப்படி வீசினாலும், கதைத்தலைவன் லிங்க் முன்பே வரைந்துவைத்த வெட்டுகளையே வெட்டினான். பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாகக் கையை உதறுவது, அவ்வளவுதான். அதுவரை இடக்கைக்காரனாக இருந்த லிங்க்கை வலக்கைக்காரனாக்க, அந்த ஆட்டத்தின் உலகம் முழுவதையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். கேம்கியூப் கருவிக்கான பதிப்பில் மேற்கே இருந்த ஊர் வீ பதிப்பில் கிழக்கே இருக்கும்!

2009இல் சுழல்காட்டி கொண்ட மோஷன்பிளஸ் என்னும் துணைக்கருவி வந்தது. மணிக்கட்டின் திருப்பத்தையும் இதனால் அளக்க முடிந்தது. இதைக் கொண்டு வாள்வீச்சை அமைக்க முயன்ற அவோனுமா குழுவினர் ஒரு கட்டத்தில் இயலாதென ஒதுக்கிவைத்தனர். இதே துணைக்கருவிக்காக உருவான வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட் குழுவின் அனுபவம் கிடைத்த பின்னரே பணி மீண்டும் தொடர்ந்தது. 2010இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஈ3 கண்காட்சி மேடையில் ஷிகெரு மியாமோட்டோ இதைச் செய்துகாட்டியபோது, அரங்கிலிருந்த கம்பியில்லா அலைகளின் குறுக்கீட்டால் வாள் சொன்னபடி கேட்கவில்லை. அந்த ஐயம் ஆட்டம் வெளிவரும்வரை பலருக்கு நீங்கவில்லை.

ஆட்டமுறை

இதில் ஒவ்வொரு எதிரியும் ஒரு கேள்வி. டெக்கு பாபா என்னும் தாவரம் வாயைக் கிடைமட்டமாகத் திறந்தால் வாளும் கிடைமட்டமாக வரவேண்டும். செங்குத்தாகத் திறந்தால் மேலிருந்து கீழாக. ஸ்டால்ட்ராவின் மூன்று தலைகளையும் ஒரே வீச்சில் அறுக்காவிட்டால் அவை மறுபடி முளைக்கும். முதல் கோவிலின் இறுதியில் வரும் கிராஹிம், வாள் வரும் திசையைப் பார்த்திருந்து அதை விரல்களாலேயே பிடித்துவிடுவான். வாளை ஒரு பக்கம் பிடித்துக்காட்டி, சட்டென மறுபக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். கையைக் கண்டபடி ஆட்டுபவர் தோற்பார். பொறுத்துப் பார்ப்பவரே வெல்வார்.

கதையும் இதனோடு இசைகிறது. தொடரின் காலவரிசையில் இதுவே முதற்கதை. பின்வரும் ஆட்டங்களில் புகழ்பெறும் மாஸ்டர் சோர்ட் என்னும் வாள் உருவான வரலாறு. வாளை வானோக்கி உயர்த்தி ஆற்றல் பெறும் செய்கையைத் தொடக்கத்திலேயே கற்கிறோம். கடைசிப் போரில் அதே செய்கையால் மின்னலை வாளில் ஏந்துகிறோம். அதைத் தம் கையால் செய்வதில் உள்ள நிறைவு பொத்தானில் கிடைப்பதில்லை.

குறைகளும் உண்டு. சுட்டும் இடம் அவ்வப்போது விலகுவதால் நேர்செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே அரக்கனோடு மூன்று முறை போரிடுவது சலிப்பு. வாளில் உறையும் ஃபை, தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்வாள்.

வரவேற்பும் மறுபதிப்பும்

ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் 40க்கு 40 வழங்கியது. ஆனால் கையை வீச இயலாதவர்களுக்கு இந்த ஆட்டம் பத்தாண்டுகள் மூடிய கதவாகவே இருந்தது. 2021 ஜூலை 16 அன்று ஸ்விட்ச் கருவிக்கு வந்த உயர்தெளிவுப் பதிப்பில், வலப்புறக் குச்சியைச் சாய்த்தே வாளைத் திருப்பும் முறை சேர்க்கப்பட்டது. ஃபையின் குறுக்கீடுகளும் குறைந்தன. உடல் உணர்வு சற்றுக் குறைந்தாலும், எந்தக் கோணத்தில் வெட்டுவது என்ற புதிர் அப்படியே நின்றது.

ஃபுஜிபயாஷி அடுத்து இயக்கிய பிரெத் ஆஃப் த வைல்ட் 2017இல் வெளிவந்தது. ஓடினால் குறையும் களைப்பு அளவி ஸ்கைவர்ட் சோர்டிலிருந்து அதற்குச் சென்றது. லிங்க் அதிலும் வலக்கைக்காரனே. வாள்வீச்சு மட்டும் பொத்தானுக்குத் திரும்பிவிட்டது.