அப்பாவின் பேனாக்கத்தியும் முப்பதாயிரம் சுற்றும்

போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

ஆன்லைனில் ஒரு ரோட்டரி டூல் வாங்கியிருந்தேன். தடிமனான டார்ச் லைட் போல இருக்கும். முனையில் சின்னக் கல், பிரஷ், ரம்பம் என்று எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 30,000 சுற்று. "இது எதுக்குங்க நமக்கு?" என்று தங்கமணி கேட்ட கேள்விக்கு உடனடியாக ஒரு பதில் தேவைப்பட்டது. அலமாரியில் இருந்த அப்பாவின் பேனாக்கத்தி ஞாபகத்துக்கு வந்தது.

இங்கே ஒரு கொசுவர்த்திச் சுருள். அப்பா கும்பகோணத்தில் வங்கிக் கேஷியர். அந்தக் காலத்தில் நூறு நோட்டுக் கட்டு என்றால் தடித்த பின் அடித்துத்தான் வரும். அதைப் பிரிக்க விரல் நகம் போதாது. அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி. கொம்புக் கைப்பிடி, பிளேடில் ஷெஃபீல்டு என்ற முத்திரை. பின்னை நெம்புவதும், மதியம் மாம்பழம் நறுக்குவதும், எனக்குப் பென்சில் சீவித் தருவதும் அதில்தான். 2001 நவம்பரில் நோட்டுக் கட்டுகளுக்குப் பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது காகிதப் பட்டை வந்துவிட்டது. கத்திக்கு வேலை போய்விட்டது. அப்பா போன பிறகு என்னோடு வடோதராவுக்கு வந்தது.

அந்தக் கத்தியை எடுத்து, டூலை முழு வேகத்தில் வைத்து, முனையில் கல்லைப் பிடித்தேன். ஐந்து நொடி இருக்கும். தீப்பொறி அழகாகத்தான் பறந்தது. நிறுத்திப் பார்த்தால் முனையில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலம். துடைத்தேன், போகவில்லை. தக்காளியில் வைத்து அழுத்தினால் தோல்கூடக் கிழியவில்லை.

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை சாணை பிடிப்பவர் ஒருவர் சைக்கிளில் வருவார். நாங்கள் காகா என்று கூப்பிடுவோம் (குஜராத்தியில் சித்தப்பா. வந்த புதிதில் என் பெண் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்திருக்கிறாள்). கத்தியை அவரிடம் நீட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"சாகேப், பாணி?"

தண்ணீர் விட்டீர்களா என்று அர்த்தம். விடவில்லை.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த நீலம். கத்தி எஃகைப் பழுக்கக் காய்ச்சிக் குளிர்வித்து இறுக்குகிறார்கள். அப்படியே விட்டால் கண்ணாடி போல உடையும் என்பதால் மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பக்குவம் செய்கிறார்கள். பளபளப்பான எஃகைச் சூடாக்கினால் சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள் தெரியும். 300 டிகிரியை நெருங்கினால் நீலம். நீலம் வந்துவிட்டால் அந்த இடம் கத்திக்குத் தேவையான கடினத்தை இழந்துவிட்டது என்று பொருள். மறுபடி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

ஏன் அவ்வளவு சீக்கிரம் சூடானது? கணக்குப் போட்டுப் பார்த்தேன் (வங்கிக்காரனுக்கு வேறென்ன தெரியும்). என் கல்லின் விட்டம் 10 மில்லிமீட்டர். 30,000 சுற்றில் அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 16 மீட்டர் ஓடுகிறது. காகாவின் கல் ஆறு அங்குலம். நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்துக்கொண்டால் 5 மீட்டருக்கும் குறைவு. என்னுடையது மூன்று மடங்கு வேகம். அதுவும் ஒரே புள்ளியில், தண்ணீர் இல்லாமல். கத்தியின் விளிம்போ காகிதத்தை விட மெல்லியது. வந்த சூடு போவதற்கு அங்கே இடமே இல்லை.

தண்ணீரின் கதை இதோடு முடிந்தால் இது சமையலறைக் குறிப்பு. ஆனால் அப்பாவின் கத்தி பிறந்த ஊரில் அதே தண்ணீர் மனிதர்களின் ஆயுளை நிர்ணயித்திருக்கிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஓடைகளில் நீர்ச்சக்கரம் வைத்துப் பெரிய மணற்கல் சக்கரங்களைச் சுழற்றினார்கள். பிறகு நீராவி வந்தது. சாணைக்காரர் கல்லுக்குப் பின்னால் குதிரைச் சேணம் போன்ற கட்டையில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து தீட்டுவார். மேசைக் கத்தி தீட்டுபவர்களுக்கு ஈரக் கல். முள்கரண்டி தீட்டுபவர்களுக்கு உலர்ந்த கல். மணற்கல் என்பது பெரும்பாலும் சிலிக்கா. உலர்ந்த கல்லிலிருந்து பறக்கும் தூசி நேராக நுரையீரலுக்குப் போகும். 'சாணைக்காரர் ஆஸ்துமா' என்று அங்கே பெயர். இன்றைக்கு நாம் சிலிகோசிஸ் என்கிறோம்.

ஆர்னால்ட் நைட் என்ற ஷெஃபீல்டு மருத்துவர் 1830-இல் இதைப் பற்றி எழுதினார். அவர் தரும் வயதுக் கணக்கை எங்கெல்ஸ் தன் 1845 புத்தகத்தில் எடுத்தாண்டிருக்கிறார். உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டுபவர்கள் 28 முதல் 32 வயதுக்குள் இறந்தார்கள். ஈரமும் உலர்வும் கலந்து சவரக் கத்தி தீட்டியவர்கள் 40 முதல் 45. ஈரக் கல்லில் மேசைக் கத்தி தீட்டியவர்கள் 40 முதல் 50. ஒரே ஊர், ஒரே தொழில். நடுவில் இருந்தது தண்ணீர். அது சுமார் பதினைந்து வருட ஆயுள்.

இன்னொரு செய்தி என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. 1820-களில் ஏப்ரஹாம் என்பவர் ஊசி தீட்டுபவர்களுக்காக இரும்புத் தூளைக் காந்தத்தால் இழுத்துக்கொள்ளும் ஒரு சாதனம் செய்தார். பரிசெல்லாம் கிடைத்தது. தொழிலாளர்கள் அதை வேண்டாம் என்றார்கள். ஆபத்து போனால் இந்த வேலைக்கு ஆள் அதிகம் வருவார்கள், கூலி குறைந்துவிடும் என்ற பயம். எங்கள் பாஷையில் ரிஸ்க் பிரீமியம். கடனுக்கு வட்டி போடும்போது தினமும் பயன்படுத்துகிற சொல்தான். ஒருவன் தன் மூச்சை அடகு வைத்து அதே கணக்கைப் போட்டிருக்கிறான் என்று படித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பிரான்ஸில் தியேர் என்று ஒரு கத்தி ஊர். அங்கே சாணைக்காரர்கள் கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்து வேலை செய்தார்கள். கீழே ஆற்றுத் தண்ணீர். குளிருக்குக் காலின் மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்களாம். கல்லின் மஞ்சள் சேறு தெறித்து 'மஞ்சள் வயிற்றுக்காரர்' என்றே பெயர் வந்துவிட்டது.

சரி, மணற்கல் எப்படி ஒழிந்தது? இங்கேதான் நம்ம ஊர் வருகிறது.

1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் (எடிசனிடம் வேலை பார்த்தவர்) களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரம் பாய்ச்சினார். மின்முனையில் பளபளவென்று சில படிகங்கள் ஒட்டியிருந்தன. கண்ணாடியைக் கீறின. இது கரியும் கொரண்டமும் சேர்ந்தது என்று தப்பாக நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. 1893-இல் காப்புரிமை. ஆரம்பத்தில் ரத்தினத்துக்கு மெருகேற்றுபவர்களுக்கு காரட் கணக்கில் விற்றார். நயாகரா நீர்வீழ்ச்சியின் மலிவான மின்சாரம் கிடைத்ததும் 1895-இல் தொழிற்சாலை அங்கே போனது, கல் மலிவானது. இத்தகைய செயற்கைக் கற்கள் மணற்கல்லின் இடத்தைப் பிடித்த பிறகுதான் ஷெஃபீல்டில் அந்த நோய் அடங்கியது.

தப்பாக வைத்த பெயரில் ஒட்டிக்கொண்ட 'கொரண்டம்' எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து. சேலம், நாமக்கல் பக்கம் கிடைக்கும் குருந்தக்கல். சித்தம்பூண்டிப் பாறைகளில் இன்றும் உண்டு. குருந்தத் தூளை அரக்கோடு சேர்த்து உருட்டித்தான் பழைய இந்தியச் சாணைச் சக்கரம் செய்தார்கள். 1798-இல் சார்லஸ் கிரெவில் லண்டனில் இந்தக் கல்லைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அப்படிக் கப்பல் ஏறிய சொல், நயாகராவில் கரியோடு சேர்ந்து, 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு கூட்டாகத் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் என்ற பெயரில் திருவொற்றியூருக்கே திரும்பி வந்தது. சொந்த ஊரை விட்டுப் போனவர்கள் கொஞ்சம் சந்தோஷப்படலாம் :-)

ரோட்டரி டூலின் வம்சம் வேறு. அதன் தாத்தா பல் டாக்டரின் கருவி. 1871-இல் ஜேம்ஸ் மாரிசன் தையல் மெஷின் மாதிரி காலால் மிதிக்கும் பல் துளைப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். நாலே வருடத்தில் மின்சாரம் வந்தது. ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய ஆல்பர்ட் டிரெமல் 1932-இல் அமெரிக்காவின் ரசீன் நகரில் கம்பெனி தொடங்கி, அந்த வேகத்தை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தார். செதுக்கவும் மெருகேற்றவும் அருமையான சாதனம். வேகம் மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை.

காகா என்ன செய்தார்? கம்பியில் தொங்கிய டப்பாவிலிருந்து கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, நீலம் முழுவதும் போகும்வரை மெதுவாகத் தேய்த்தார். நடுநடுவே கட்டை விரலால் சூடு பார்த்தார். அவர் சராணியா சமூகத்துக்காரர். சராண் என்றால் சாணை. ஒரு காலத்தில் வாள் தீட்டியவர்கள். '73-இல் வந்த ஜஞ்சீரில் ஜெயா பாதுரி கத்தி சாணை பிடிப்பவராக வருவாரே, அதைச் சொன்னேன். சிரித்தார். தன் பையன் கூரியர் கம்பெனியில் இருக்கிறான் என்றார். அப்பாவுக்கும் இதே இருமல்தான் என்று சொல்லிவிட்டு ஒருமுறை இருமினார். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் கம்பாத். அங்கே அகேட் கல் தீட்டுபவர்களிடம் சிலிகோசிஸ் இருப்பதை அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. 1830 ஷெஃபீல்டு எனக்கு அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை. முப்பது ரூபாய் கேட்டார். நூறு கொடுத்தேன், சில்லறையை எண்ணித் திருப்பித் தந்துவிட்டார். அடுத்த முறை வந்தபோது இரண்டு முகக்கவசம் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் இந்த டூல் வைத்திருப்பவர்களுக்கு: கத்தியில் பெரிய சேதம் இருந்தால் மட்டும் எடுங்கள். மிகக் குறைந்த வேகம். எந்த இடத்திலும் ஒரு நொடிக்கு மேல் நிற்காதீர்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியைத் தண்ணீரில் முக்கித் துடையுங்கள் (டூலின் மேல் தண்ணீர் படக் கூடாது, மின்சாரம்). கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். கடைசிக் கூர் தட்டையான கல்லில், கையால்.

அப்பாவின் கத்தி இப்போது கால் அங்குலம் குட்டை. முனை கொஞ்சம் மழுங்கலாக வளைந்திருக்கிறது. தங்கமணி பார்த்துவிட்டு, "மாமா இருந்தா திட்டியிருப்பார்" என்றாள். திட்டியிருக்க மாட்டார். வாங்கிப் பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்துவரச் சொல்லியிருப்பார். நேற்று பெண்ணுக்கு ஒன்று சீவிக் கொடுத்தேன். சீவுகிறது.