சென்னைக் கல்வி முறை

சென்னைக் கல்வி முறை அல்லது சட்டாம்பிள்ளை முறை என்பது, மாணவர்களே பிற மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையாகும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மதகுரு ஆண்ட்ரூ பெல் (1753-1832) இதனைச் சென்னையில் நடைமுறைப்படுத்திப் பின்னர் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அயல்நாட்டுப் பள்ளியை நேரில் கண்டு ஓர் ஆசிரியர் கற்றுக்கொண்டதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

திண்ணைப் பள்ளிக்கூடம்

இராமநாதபுரம் உள்ளிட்ட தமிழ்நாட்டுப் பகுதிகளில் ஊர்தோறும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். கை பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் தரப்பட்டன. ஆசிரியர் ஒருவரே இருந்ததால், மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான்.

1785 ஆம் ஆண்டளவில் மதபோதகர் சுவார்ட்சு, தஞ்சைப் பிரதிநிதி ஜான் சல்லிவனின் திட்டப்படி இராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்கினார். இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் பயின்ற இராமநாதபுரம் உயர்நிலைப் பள்ளி சுவார்ட்சின் பெயரைத் தாங்கியுள்ளது.

பெல்லின் சோதனை

பெல் 1789 இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் கண்காணிப்பாளரானார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்கப் பணித்தார். ஆசிரியர்கள் அதனை ஏற்கவில்லை. எனவே ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். அது வெற்றி பெறவே, பிற வகுப்புகளுக்கும் மாணவ ஆசிரியர்களை அமர்த்தினார். தம் சோதனையை 1797 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார்.

பரவல்

1811 இல் இங்கிலாந்தில் தோன்றிய தேசியக் கழகம் பெல்லின் முறையில் ஏழைகளுக்குப் பள்ளிகளை நடத்தியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையைப் பரப்பினார். பெல்லின் கொடையால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.

உரிமை பற்றிய கருத்து வேறுபாடு

மணலில் எழுதும் வழக்கத்தை உள்ளூர்ப் பள்ளியில் கண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். ஆயினும், மாணவரே கற்பிப்பதைத் தம் கண்டுபிடிப்பாகக் கருதினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களோ 1814 ஆம் ஆண்டு மடலில், இந்திய ஆசிரியர்களிடம் நெடுங்காலமாக வழங்கிய முறையே பெல்லின் வழியாக இங்கிலாந்தில் ஏற்கப்பட்டதாகக் குறிப்பிட்டனர். பெல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1623 இல், இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே மேற்குக் கரையில் சிறுவர்கள் ஆசிரியரின்றி மணலில் எழுதிக் கூடிப் படித்ததைப் பதிவு செய்துள்ளார்.

குறைகள்

ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குக் கற்பிக்க முடிந்ததால் இம்முறை செலவு குறைந்ததாக இருந்தது. ஆனால் கல்வி மனப்பாடமாகச் சுருங்கியது. பயிற்சியற்ற சிறுவர்களால் பாடத்தை விளக்க இயலவில்லை. 1846 இல் இங்கிலாந்தில் பயிற்சி மாணவ-ஆசிரியர் திட்டம் வந்த பின் இம்முறை படிப்படியாக மறைந்தது.

திண்ணைப் பள்ளிகளும் அனைவருக்கும் உரியவையாக இருக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822 இல் ஆணையிட்ட கணக்கெடுப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் பதிவாயினர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. பிற்காலத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் பெருகியபோது திண்ணைப் பள்ளிகள் மறைந்தன. சட்டாம்பிள்ளை என்னும் சொல் மட்டும் வகுப்புத் தலைவனைக் குறிக்கும் சொல்லாக வழக்கில் எஞ்சியது.