மழலைக் கல்வி ஆய்வும் இணையவழி முனைவர் பட்டமும்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி, எந்த உயர்கல்வி நிறுவனமும் தொலைநிலையிலோ இணையவழியிலோ முனைவர் பட்டப் படிப்பை நடத்தக் கூடாது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து விளம்பரப்படுத்தப்படும் இணையவழி முனைவர் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் கூட்டாக எச்சரித்திருந்தன. பட்டத்தைச் சரக்காக விற்போரைத் தடுக்க இத்தடை வேண்டியதே. ஆயினும் மழலைக் கல்வித் துறைக்கு இது மட்டும் போதாது. வளாகத்துக்கு வந்து போவதை ஆய்வின் தரத்துக்குச் சான்றாக இத்தடை கொள்கிறது. இத்துறையின் ஆய்வோ பிள்ளைகள் இருக்கும் இடத்தில்தான் நடக்கிறது.

இத்துறையின் வரலாறே இதற்குச் சாட்சி. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் பிள்ளைகளை நாள்தோறும் கவனித்துத் தம் முறையை உருவாக்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியபோதும் உற்றுநோக்கலே அவர் பாடத்தின் உயிர். இந்திய மழலைக் கல்வியின் முன்னோடிகளான கிஜுபாய் பதேகா பாவ்நகரிலும், தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் மகாராஷ்டிரத்தின் கோஸ்பாட்டிலும் கண்டறிந்தவை எல்லாம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கண்டறிந்தவை.

ஓர் எடுத்துக்காட்டு. நான்கு வயதுக் குழந்தையின் முன் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொல்கிறோம். ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்கிறது. "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. இறுதியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தைக் குறிக்கிறது என்ற புரிதல் தனியாகக் கைவர வேண்டிய ஒன்று. உளவியலாளர்கள் ரோச்சல் கெல்மனும் சி. ஆர். கேலிஸ்டலும் 1978-இல் இதை எண்ணுதலின் நெறிகளுள் ஒன்றாக வகுத்தார்கள். மதிப்பெண் தாளில் இந்தக் குழந்தைக்கு "ஐந்து வரை எண்ணத் தெரியும்" என்று விழுந்துவிடும். அது மறுபடி எண்ணியதைக் கண்டவர்தான் ஆய்வாளர்.

காணொளி இங்கே உதவாதா? உதவும். ஒரே நிகழ்வைப் பலமுறை பார்க்கலாம். நெறியாளரும் ஆய்வாளரும் தனித்தனியே குறியிட்டு ஒப்பிடலாம். ஆனால் அந்தக் குழந்தை பசியோடு வந்ததா, சத்துமாவு உருண்டை தின்ற பிறகு எண்ணியதா, பக்கத்துப் பிள்ளையின் குரலைத்தான் திருப்பிச் சொன்னதா என்பது படச்சட்டத்துக்குள் வராது.

இத்துறையில் ஆய்வுக்கு வரத் தகுதியும் ஆர்வமும் உள்ளவர்கள் யார்? பெரும்பாலும் பணியில் இருக்கும் பெண்கள்: மழலையர் பள்ளி ஆசிரியைகள், அங்கன்வாடி மேற்பார்வையாளர்கள், ஆசிரியர் பயிற்றுநர்கள். களம் ஏற்கெனவே இவர்கள் கையில் இருக்கிறது. தொலைதூர வளாகத்தில் நாள்கணக்கில் வருகைப்பதிவு கேட்பது இவர்களைக் களத்திலிருந்து பிரித்து எடுப்பதாகவே முடியும். ஒழுங்குமுறைகள் இவர்களை மறந்துவிடவில்லை. பகுதிநேர ஆய்வுக்கு இடமுண்டு. பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டுகள் உண்டு. ஆய்வு ஆலோசனைக் குழு பரிந்துரைத்தால் அங்கீகரிக்கப்பட்ட இணையப் பாடங்களையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் நெறியாளர் களத்துக்குச் சென்று பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இல்லை. வளாகத்திலேயே படித்து, மழலையர் வகுப்பை நாலைந்து முறை எட்டிப் பார்த்து, வினாநிரலைப் புள்ளியியல் மென்பொருளில் போட்டு எடுத்த பட்டம் விதிப்படி செல்லும். எனக்கு இதுதான் பெரிய குறை.

இன்னொன்றும் உறுத்துகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியையும் ஓராண்டுப் பட்டயத்தையும் டிஜிட்டல் வழியிலும் தொலைநிலையிலும் நடத்தலாம் என்கிறது. பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவருக்குத் திறன்பேசிப் பாடம் போதும், அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதுபவருக்கு மட்டும் வளாகம் வேண்டும் என்றால், இவ்விரண்டில் எதுவும் குழந்தையை முன்வைத்து எடுத்த முடிவாகத் தெரியவில்லை.

எனவே முழு இணையவழிப் பட்டத்துக்கான தடை நீடிக்கட்டும். இத்துறையின் பகுதிநேர ஆய்வாளர்களுக்கு, கோட்பாட்டுப் பாடங்களையும் மாதாந்தர நெறியாள்கையையும் இணையத்தில் நடத்தப் பல்கலைக்கழகங்கள் தயங்க வேண்டாம். அதற்கு ஈடாக, ஓராண்டுக்குக் குறையாத களக்குறிப்பேட்டையும், நெறியாளர் அக்களத்துக்கு நேரில் வந்து சென்றதற்கான பதிவையும் ஆய்வேட்டோடு சேர்த்துக் கேட்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத ஆய்வேட்டை, அது எந்த வழியில் எழுதப்பட்டிருந்தாலும், வாய்மொழித் தேர்வுக்கு ஏற்கக் கூடாது.