செஞ்சியின் நான்காவது மலை

செஞ்சிக் கோட்டைக்கு எத்தனை மலை என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று என்றுதான் சொல்வார்கள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நான்காவதாக ஒரு சிறு குன்றும் உண்டு. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். முகலாயர்கள் அதைச் 'சாமர் டிக்ரி' என்றார்கள். சாமர் என்பது வடக்கே தோல்தொழில் செய்யும் சாதியின் பெயர். மொழி மாறினாலும் பொருள் மாறவில்லை.

அந்தக் குன்றைப் பார்க்கத்தான் விருத்தாசலத்திலிருந்து நாங்கள் செஞ்சிக்குப் போனோம். எங்கள் ஊர் மண்ணைக் குழைத்துப் பீங்கான் சுடுகிற ஊர். எந்தப் பொருளைக் கண்டாலும், இதைச் செய்த கை யாருடையது என்று கேட்பது எங்களுக்குப் பழக்கம். கோட்டையிடமும் அதையே கேட்டோம்.

ஆண்டவர்களின் வரிசை எல்லோருக்கும் தெரியும். கோனார்கள், விஜயநகரம், நாயக்கர்கள், 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 1714இல் போரில் இறந்த ராஜா தேசிங்குக்குக் கதைப்பாடலே இருக்கிறது. அவன் ஏறிய குதிரைக்கும் அதில் இடமுண்டு. அந்தக் குதிரைக்குச் சேணம் தைத்தவருக்கு இல்லை.

1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. அவ்வளவு காலம் ஒரு கோட்டை தாக்குப்பிடிக்கக் கல்லும் மதிலும் மட்டும் போதுமா? சேணம், கடிவாளம், வாளுறை, செருப்பு, தண்ணீர்ப் பை, முரசு என எல்லாவற்றுக்கும் தோல் வேண்டும். செத்த மாட்டை உரித்து, பதப்படுத்தி, தைத்துக் கொடுத்த உழைப்பு இல்லாமல் எந்த ராஜாவும் குதிரை ஏறியதில்லை. அந்த உழைப்பைத்தான் தீட்டு என்றார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டுமே. இனிக் கூட்டம் வரும், புதிய பலகைகள் வரும். அப்போது இந்தக் குன்றை என்ன பெயரில் எழுதுவது?

அந்தச் சொல் இன்று வசவாகப் புழங்குகிறது. சாதியைச் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே பெயரையே நீக்கிவிடலாம் என்று சிலர் நல்லெண்ணத்தோடு சொல்லக்கூடும். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. பெயரை எடுத்துவிட்டால், கோட்டையில் உழைக்கும் மக்களைச் சுட்டுகிற அந்த அடையாளமும் போய்விடும். பெயரை மட்டும் விளக்கமின்றி எழுதினால், இழிவு அப்படியே தொடரும்.

ஆவணங்களில் உள்ள பழைய பெயர், அதன் பொருள், அம்மக்களின் தொழில், இன்று அவர்கள் அருந்ததியர் என்று அழைக்கப்படுவது — நான்கையும் பலகையில் எழுத வேண்டும். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு தந்த மாநிலத்துக்கு நான்கு வரி எழுதுவது பெரிய காரியமல்ல.

தோழர்களே, செஞ்சிக்குப் போனால் ராஜகிரி ஏறுங்கள். நான்காவது மலை எது என்றும் கேளுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால், சொல்லியாக வேண்டிய நிலை வரும்.