வேலை போன பின் புற்றுநோய் வந்தால்: எங்கே, எந்த வரிசையில் உதவி கேட்பது?

புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் நம் குடும்பங்களில் முதலில் நடப்பது நகையை அடகு வைப்பது. அடுத்து தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டுவது. பிறகு ஜமாஅத்துக்கு ஒரு கடிதம். வேலையையும் இழந்து நிற்கும் வீட்டில் இந்த வரிசை பெரும் இழப்பைத் தரும். அரசு உதவிகள் பெரும்பாலும் இனிமேல் நடக்கப்போகும் சிகிச்சைக்கே கிடைக்கின்றன. கட்டி முடித்த பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பணம் திரும்ப வருவது அரிது. எனவே பயாப்சி முடிவு கைக்கு வந்த வாரத்திலேயே கீழே சொல்பவற்றை விசாரித்துவிடுங்கள்.

வேலை செய்த இடத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அதிலிருந்து தொடங்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்த சகோதர சகோதரிகள் பலருக்கு இந்த அட்டை இருக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான திட்டம் இது. வேலை நின்ற அன்றே அட்டையும் செத்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. உதாரணமாக, ஆகஸ்டில் வேலையை இழந்த ஒருவர் ஏப்ரலிலிருந்து குறைந்தது 78 நாள் சந்தா செலுத்தியிருந்தால், மறு ஆண்டு ஜூன் வரை அவருக்கு உரிமை இருக்கிறது.

சிகிச்சையோடு பணமும் உண்டு. சாதாரண நோய்க்காலத் தொகை ஊதியத்தில் 70 சதவீதம், 91 நாட்கள் வரை. புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், அதன் பிறகு 80 சதவீதம் என்ற விகிதத்தில் 2 ஆண்டுகள் வரை நீட்டிக்க வழி உள்ளது. இதற்கு 2 ஆண்டுகள் தொடர்ந்து இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். அதில் முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் குறைந்தது 156 நாள் சந்தா இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று இல்லாமல் ஒரு ரூபாயும் வராது. தனியார் மருத்துவரிடம் பார்த்துக்கொண்டிருந்தாலும் கிளை அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். வேலையிழந்தவர்களுக்கென்றே இ.எஸ்.ஐ.யில் 'அடல்' பெயரில் தனி உதவித்தொகை ஒன்றும் அறிவிக்கப்பட்டது. சராசரி ஊதியத்தில் பாதி, 90 நாட்கள் வரை, வாழ்நாளில் ஒருமுறை. குறிப்பிட்ட காலத்துக்கு என்று அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால் இப்போது நடைமுறையில் உள்ளதா என்றும் அங்கேயே கேட்டுவிடலாம்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவற்றுக்கு அரசு மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் பயன்படுத்தலாம். முன்பு நல்ல சம்பளம் இருந்ததால் அட்டை எடுக்கவில்லை என்பவர்கள், இப்போதைய நிலைமைக்கு வருமானச் சான்று பெற்று, ரேஷன் அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டுத் தயங்குகிறவர்களும் நம்மில் உண்டு. இதில் பிரீமியம் கட்டுவது அரசு, பயனாளி அல்ல. மனம் ஒப்பாவிட்டால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள், ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சொந்தப் பணத்தையும் மறந்துவிட வேண்டாம். பி.எஃப். கணக்கிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்காகப் பணம் எடுக்கலாம், இத்தனை ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இருந்ததில்லை. வேலையிழந்தவர் எவ்வளவு எடுக்கலாம் என்ற விதியை மாற்ற 2025 அக்டோபரில் முடிவெடுக்கப்பட்டது. 75 சதவீதத்தை உடனே, மீதியை 12 மாதம் கழித்து என்பதே அந்த முடிவு. 5 ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி உண்டு. நோயால் வேலை செய்ய இயலாமல் போய் விலகியவருக்கு அந்த 5 ஆண்டு நிபந்தனை கிடையாது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் அங்கே கணக்கு முடித்தார்களா என்று பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் சேர வேண்டும்.

இவ்வளவும் கிடைத்தாலும் வீட்டு வாடகை, மளிகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அப்படியே நிற்கும். காப்பீடு மருத்துவமனைக்குத்தான் பணம் தருகிறது, அடுப்புக்குத் தருவதில்லை. ஜகாத்தும் பைத்துல்மாலும் வர வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. ஆனால் நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ். மருத்துவமனை பில்லுக்கு ஒரே நாளில் சில லட்சம் திரட்டுகிறோம், ஆறு மாதம் கழித்து அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஏழைகளும் கடன்பட்டவர்களும் ஜகாத் பெறுவோர் பட்டியலில் இருக்கிறார்கள் (அல்குர்ஆன் 9:60). குடியிருக்கும் வீடு சொந்தம் என்பதற்காக ஒருவர் தகுதி இழந்துவிடுவதில்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குக் கொடுக்கலாம், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது. ரமலான் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஆண்டு நிறைவதற்கு முன்பே ஜகாத்தைக் கொடுப்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். மஹல்லா நிர்வாகிகள் மொத்தமாக ஒரு தொகையைத் தருவதைவிட, சிகிச்சை நடக்கும் மாதங்களுக்கு மாதாமாதம் இவ்வளவு என்று பொறுப்பேற்பது அந்தக் குடும்பத்துக்கு அதிகம் பயன்படும். கணவரை இழந்த அல்லது ஆதரவற்ற பெண்ணாக இருந்தால், மாவட்டந்தோறும் உள்ள முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தைப் பற்றி ஆட்சியர் அலுவலகத்தின் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரியுங்கள்.

காப்பீட்டுத் தொகை போதாமல் போனால் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். சிகிச்சை தரும் மருத்துவமனை எழுதிக் கொடுக்கும் செலவு மதிப்பீடு வேண்டும்.

போக்குவரத்துச் செலவு சிறிதாகத் தோன்றும், ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவுக்கு அடையாறுக்கோ காஞ்சிபுரத்துக்கோ போய்வரும்போதுதான் அது தெரியும். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணமே கிடையாது, உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. மருத்துவமனையில் இதற்கென உள்ள படிவத்தில் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி முன்பதிவு நிலையத்தில் கொடுக்க வேண்டும்.

பயாப்சி அறிக்கை, வேலையிலிருந்து விடுவித்த கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பத்துப் பிரதி எடுத்து ஒரே பையில் வையுங்கள். போகும் எல்லா அலுவலகங்களிலும் இவற்றைத்தான் கேட்பார்கள். அசலை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.