உள்ளடுக்குத் தரவு கடந்துவந்த பாதை

புத்தகசாலைக்கு விடுக்கப்படும் கட்டளையொன்றிலே வாங்குவோரின் பெயர் உண்டு. அவர்தம் முகவரி உண்டு. நூல்களின் நிரல் உண்டு. அந்நிரலின் ஒவ்வோர் உறுப்புக்கும் விலையும் தொகையும் உண்டு. இவ்வாறு ஒன்றனுள் ஒன்றாய் அடங்கிய தரவு உள்ளடுக்குத் தரவு எனப்படும். இதனை உலாவியிலிருந்து வழங்கிக்குச் சிதையாது அனுப்புவது எங்ஙனம் என்னும் வினா, உலகளாவிய வலையின் வரலாற்றில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வல்லுநரை வருத்தியதொன்றாகும்.

1989ஆம் ஆண்டிலே ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பார் சேர்ண் ஆய்வுகூடத்தில் வலையை முன்மொழிந்த காலை, ஆவணங்களைப் பகிர்ந்து படித்தலே முதன்மை நோக்கமாயிருந்தது. படிப்போர் நிரப்பி அனுப்பும் படிவங்கள் பின்னரே தோன்றின. 1995 நவம்பரில் வெளியான எச்.ரி.எம்.எல். 2.0 விதிநூல் படிவத் தரவு செல்லும் முறையை வரையறுத்தது. அதன்படி, பெயரும் பெறுமானமும் சமக்குறியால் இணையும். அவ்விணைகள் உம்மைக் குறியால் தொடுக்கப்படும். முறை எளிது, ஆயினும் தட்டையானது. எண்ணும் எழுத்துத் தொடராகவே செல்லும். அடுக்குக்குள் அடுக்கு அமைய அங்கு வழியில்லை.

அதே ஆண்டு மே மாதத்தில், நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் ஜாவாஸ்கிரிப்ற் மொழியின் முதல் வடிவை ஆக்கினார். அம்மொழியின் பொருள்கள் ஒன்றனுள் ஒன்றாய் ஆழ்ந்து அடங்கவல்லன. உலாவியிலே ஆழமுடைய தரவு, வழியிலோ தட்டையான படிவம்: இம்முரண்பாடே பின்வந்த முயற்சிகளுக்கெல்லாம் ஊற்றுக்கண் எனலாம்.

முதல் முயற்சி அடைப்புக்குறி பற்றியது. பி.எச்.பி. மொழியினர் பெயரினுள்ளே சதுர அடைப்புக்குறி இட்டு, "கட்டளை[முகவரி][நகர்]" என்றாற்போல எழுதினர். வழங்கி அதனைப் பிரித்து அடுக்கை மீளக் கட்டியது. 2004இல் வெளிவந்த ரெயில்ஸ் சட்டகமும் இவ்வழக்கைக் கைக்கொண்டது. எனினும், எண் எழுத்தாகும் குறை நீங்கவில்லை. வெறுமையான நிரலைக் குறிக்கவும் வகையில்லை.

இரண்டாவது முயற்சி எக்ஸ்.எம்.எல். இது 1998 பெப்ரவரியில் விதியாயிற்று. 1999இல் மைக்ரோசொவ்ற் தன் உலாவியின் 5ஆம் பதிப்பில், பக்கத்தை மாற்றாமலே வழங்கியுடன் பேசும் கருவியைச் சேர்த்தது. எக்ஸ்.எம்.எல். ஆழத்தைத் தாங்கியது, ஆயின் தொடக்கக் குறியும் முடிவுக் குறியுமாய்ப் பருத்தது.

மூன்றாவது முயற்சியே நிலைபெற்றது. 2001 ஏப்ரலில் டக்ளஸ் குரொக்போட், சிப் மோர்ணிங்ஸ்ரார் ஆகிய இருவரும் ஜாவாஸ்கிரிப்ற்றின் பொருட் குறியீட்டையே செய்தி வடிவாக அனுப்பிப் பார்த்தனர். அம்முதற் செய்தி தவறிற்று. அதிலே பெயராக நின்ற சொல் அம்மொழி தனக்கென ஒதுக்கிய சொல்லாயிருந்தமையே காரணம். பெயர்கள் யாவும் மேற்கோட் குறிக்குள் நிற்றல் வேண்டும் என்னும் விதி இதனாற் பிறந்தது. ஜேசன் எனப் பெயர்பெற்ற இவ்வடிவம் 2009 டிசெம்பரில் ஜாவாஸ்கிரிப்ற் நியமத்தின் உள்ளுறுப்பாயிற்று.

2010 ஒக்ரோபரில் வெளிவந்த பாக்போன் நூலகம், உலாவியிலே தரவு மாதிரிகளை அமைத்து அவற்றை ஜேசனாக வழங்கிக்கு அனுப்பியது. ஆயினும் இடர் முற்றும் தீர்ந்திலது. ரெயில்ஸ், 2009இல் வந்த தன் 2.3ஆம் பதிப்பு முதலாக, உள்ளடுக்கின் பெயருக்கு ஒரு தனி விகுதியை வேண்டி நின்றது. பாக்போன் அவ்விகுதியின்றி அனுப்பியது. ஆதலின் அனுப்புமுன் பெயரை மாற்றும் பணி நிரலாளர் மேலதாயிற்று.

இதனினும் பெரியதோர் இடர் 2012 மார்ச்சில் வெளிப்பட்டது. கிற்ஹப் தளத்திலே பயனர் ஒருவர், படிவத்தில் இல்லாத புலமொன்றைச் சேர்த்து அனுப்பி, தம் திறவியைப் பிறரது கணக்கில் இட்டுக் காட்டினார். வந்த பெயர்களையெல்லாம் வழங்கி ஆராயாது ஏற்றமையே இதற்கு ஏதுவாயிற்று. 2013 ஜூனில் வந்த ரெயில்ஸ் 4, அனுமதித்த புலங்களை மட்டுமே ஏற்கும் முறையை இயல்பாக்கியது.

ஜேசனுக்கும் எல்லையுண்டு. நாள் குறிப்பு அதில் எழுத்துத் தொடராகும். தன்னையே சுட்டும் பொருள் அதில் அடங்காது. எனினும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மை தெளிவானது. தரவு சிதையாது சேர்தல் ஒன்று. சேர்ந்தது ஏற்கத்தக்கதா எனத் தேர்தல் மற்றொன்று. முன்னதை வடிவம் செய்யும். பின்னதை வழங்கியின் விழிப்பே செய்தல் வேண்டும்.