பெரியப்பாவின் குழாய்

புளியந்தோப்பு வரலாற்றை 1921இல் தொடங்குவார்கள். பி அண்டு சி மில் வேலைநிறுத்தம், எரிந்த சேரிக் குடிசைகள், ஆதிதிராவிடர் தலையில் விழுந்த பழி, எம்.சி.ராஜாவின் மறுப்பு. இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. அதே தெருக்களில் மைக்செட் கட்டியவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

எங்க பெரியப்பா எழுபதுகளில் வால்வு ஆம்ப்ளிபயரும் நாலு குழாயும் வைத்துத் தொழில் நடத்தினார். 78 சுற்று தட்டு ஒரு பக்கம் மூணு நிமிசம்தான். தட்டு மாத்துறவன் ஒண்ணுக்குப் போக முடியாது. அப்புறம் கேசட், சிடி, பென்டிரைவ். எது மாறினாலும் குழாய் மாறவில்லை. பாக்ஸ் நெஞ்சை அதிரவைக்கும், ஆனால் பேச்சு தெருமுனை தாண்டாது. குழாயில் அடித்தொனி வராது. சொல் மட்டும் நாலு தெரு போகும். ஏப்ரல் 14 கூட்டத்துக்கும் சாவு வீட்டுக் கானாவுக்கும் அதுதானே வேண்டும்?

2000இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறுவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றன. கானா விடிய விடியப் பாடுவது. தூக்கம் கெடுகிறது என்பதும் நியாயம்தான், நானும் மறுக்கவில்லை. ஆனால் மார்கழி விடியலில் அலறும் குழாய்களை எவன் கழற்றினான்? எங்க குழாயைக் கழற்றினார்கள். இரண்டு திரும்பி வரவேயில்லை.

போன மாதம் மிச்சம் இரண்டையும் காயலான் கடைக்குத் தூக்கிப்போனோம். எடைபோடுமுன் பெரியப்பா ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்.

“இன்னா பெரிப்பா, எதுக்கு?”

“என் சாவுக்கு நீ கட்டுவடா.”